புல்டாக் குட்டி வாங்கப் போகிறீர்களா?

லண்டனுக்கு வெளியே குடியிருக்கும் நண்பர் ஒருவருடைய வீட்டில் வின்ஸ்டன் என்று ஒரு புல்டாக் நாய் இருந்தது. அதற்கு விநோதமான வழக்கம் ஒன்று உண்டு. மற்ற நாய்களைப் போல் காலை நீட்டித் தரையில் படுத்து உறங்காது. மாடிப்படியின் முதற்படியில் மோவாயை ஊன்றிக்கொண்டு, உட்கார்ந்தபடியே கண்ணை மூடும். சில நாள் வாயில் ரப்பர் பந்தைக் கவ்விக்கொண்டே தூங்கும். குறட்டைச் சத்தமோ கூடத்துக்கும் கொல்லைக்கும் கேட்கும். வீட்டுக் குழந்தைகளுக்கு இது பெரிய வேடிக்கை. வருகிற விருந்தாளிகளை எல்லாம் அழைத்துப் போய், "எங்கள் வின்ஸ்டன் தூங்குகிற அழகைப் பாருங்கள்" என்று காட்டுவார்கள். நானும் பார்த்தேன், நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு நாள், வேறு எதற்கோ அதைப் பரிசோதிக்க வந்த மிருக வைத்தியரிடம் குழந்தைகள் இந்த வேடிக்கையைச் சொன்னார்கள். அவர் சிரிக்கவில்லை. "தலையைச் சாய்த்தால் இதற்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. பந்தைக் கவ்வியிருந்தால் வாய் திறந்தே இருக்கும். கொஞ்சம் மூச்சு வரும். மூச்சுக்காகச் செய்வதுதான் இவ்வளவும்" என்றார்.

அன்று முதல் அந்த வீட்டில் யாரும் அந்தக் குறட்டையைக் கேட்டுச் சிரித்ததில்லை.

புல்டாகின் முகத்தைக் கண்டு ஆசைப்படாதவர் குறைவு. கோபக்காரத் தாத்தாவைப் போன்ற தோற்றம்; உள்ளே பச்சைக் குழந்தையைப் போன்ற சுபாவம். குழந்தைகளிடம் அதற்குள்ள பொறுமை கொஞ்சநஞ்சமல்ல. ஆகையால் அதை வாங்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வாங்குகிறவர் எதைப் பார்த்து, யாரிடம், எப்படி வாங்கவேண்டும் என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன். இதிலே தவறினால் நஷ்டம் பணத்தோடு போகிறதில்லை. பேச வாயில்லாத ஒரு ஜீவன் தன் ஆயுள் முழுவதும் அந்தத் தவற்றுக்கு மூச்சு மூச்சாக வட்டி கட்டுகிறது.

காளைக் களத்திலிருந்து கண்காட்சிக்கு

புல்டாக் என்ற பெயரிலேயே அதன் பூர்வ கதை இருக்கிறது. முற்காலத்தில் இங்கிலாந்தில் காளை மாட்டைக் கயிற்றால் கட்டிப்போட்டு, அதன்மேல் நாயை ஏவிவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். காளையின் மூக்கைக் கவ்வி விடாமல் தொங்கும் நாய்க்குத்தான் மதிப்பு. 1835-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் சட்டம் செய்து இந்தக் கொடிய விளையாட்டை நிறுத்தியது.

காளைச் சண்டை போயிற்று, நாய் மிஞ்சியது. அதை என்ன செய்வது? நாய்க் கண்காட்சிகள் அப்போதுதான் தலைதூக்கின. 1873-ல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. 1875-ல் புல்டாக் பிரியர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். களத்திலே பலத்துக்கும் மூச்சுக்கும் இருந்த பரிசு, கண்காட்சியிலே முகத்துக்கும் மடிப்புக்கும் என்று மாறிவிட்டது. மூக்கு எவ்வளவுக்கு எவ்வளவு உள்ளடங்கியிருக்கிறதோ, தலை எவ்வளவுக்கு எவ்வளவு பெருத்திருக்கிறதோ, அவ்வளவுக்கு அழகு என்று தீர்ப்புச் சொன்னார்கள். அப்படிப்பட்ட நாய்களையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக் குட்டி எடுத்தார்கள்.

1817-ல் ஆப்ரஹாம் கூப்பர் என்ற ஆங்கிலச் சைத்திரிகர் கிரிப், ரோஸா என்ற இரண்டு புல்டாகுகளைப் படமாக எழுதியிருக்கிறார். அந்தப் படத்தையும் இன்றையக் கண்காட்சி நாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே ஜாதி என்று நம்புவது கஷ்டம். அன்றைய நாய்க்கு நீண்ட கால், ஒட்டிய வயிறு, சொல்லிக்கொள்ளும்படியான ஒரு மூக்கும் இருந்தது!

ஆங்கிலச் சித்திரக்காரர்கள் தங்கள் ஜான் புல்லின் காலடியில் இந்த நாயை நிறுத்திச் சாம்ராஜ்யத்தின் உறுதிக்கு அடையாளமாக உலகத்துக்குக் காட்டினார்கள். சாம்ராஜ்யத்தோடு நமக்கு வழக்கு இருந்தது உண்மை. அதன் சின்னமாக நின்ற வாயில்லாப் பிராணியோடு வழக்கு ஒன்றுமில்லை. உறுதியின் சின்னம் என்று கொண்டாடப்பட்ட பிராணி இரண்டு தெரு நடந்தால் மூச்சு வாங்கும் நிலைக்கு வந்தது பரிதாபந்தான்.

2008-ல் பி.பி.சி. டெலிவிஷனில் வம்சாவளி நாய்களின் நோய்களைப் பற்றி ஒரு படம் காட்டப்பட்டது. அது கிளப்பிய கிளர்ச்சியின் பயனாக, மறு வருஷமே கென்னல் கிளப் பல ஜாதிகளின் இலக்கணத்தைத் திருத்தியது. புல்டாகின் இலக்கணமும் திருத்தப்பட்டது. முகம் மிதமிஞ்சிச் சப்பையாக இருக்கக்கூடாது, மூச்சு விடுவதில் சிரமம் தெரியக்கூடாது என்பது இன்றைய விதி. ஆனால் ஏட்டில் திருத்தியது எல்லாக் குட்டிகளின் மூக்கிலும் இன்னும் வந்து சேரவில்லை.

நோயின் கணக்கு

லண்டனிலுள்ள ராயல் மிருக வைத்தியக் கல்லூரியார் 2022-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். மற்ற நாய்களோடு ஒப்பிட்டால், ஏதேனும் ஒரு வியாதிக்கு உள்ளாகும் சம்பவம் புல்டாகுக்கு இரு மடங்கு. தோல் மடிப்பில் ரணம் உண்டாவது 38 மடங்கு. கண்ணின் உள் இமைச் சுரப்பி பிதுங்கிச் சிவந்த பழம்போல் வெளியே வருவது 27 மடங்கு. மூச்சடைப்பு நோய் 19 மடங்கு. அதே வருஷத்தில் வெளியான மற்றொரு கணக்கின்படி, இங்கிலாந்தில் பிறக்கும் புல்டாகின் சராசரி ஆயுள் சுமார் ஏழரை வருஷம். சாதாரண நாய் இதைவிட மூன்று நான்கு வருஷம் கூடுதலாக வாழ்கிறது.

மூச்சு முட்டுவதற்குக் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. மண்டை எலும்பைக் குறுக்கிவிட்டார்கள். உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. பெரிய மெத்தையைச் சின்னப் பெட்டிக்குள் திணித்தது போல், நாக்கும் அண்ணத்தின் பின்புறத்துத் தொங்கு சதையும் வழியை அடைத்துக்கொள்கின்றன. நாசித் துவாரம் வெறும் கீறலாக ஒடுங்கிவிடுகிறது. சில நாய்களுக்கு மூச்சுக் குழாயே பிறவியில் சிறுத்திருக்கும்.

வாங்கப் போகிறவர் முதலில் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எட்டு வாரக் குட்டியிடம் இந்த நோய் பெரும்பாலும் வெளியே தெரியாது. குட்டி துள்ளும், ஓடும், கையை நக்கும். ஒரு வயதுக்குமேல் கழுத்தும் தலையும் பருக்கப் பருக்கத்தான் மூச்சு அடைக்க ஆரம்பிக்கும். ஆகையால் குட்டியை மட்டும் பார்த்து வாங்குகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குகிறவரே ஆவார். பார்க்கவேண்டியது குட்டியின் தாயை, கூடுமானால் தகப்பனையும்.

தாயைக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள்

என் நண்பர் வின்ஸ்டனை 2017-ல் வாங்கினார். எங்கே தெரியுமா? நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு பெட்ரோல் கடை வாசலில்! விற்றவர் காரின் பின்புறத்திலிருந்து குட்டியை எடுத்துக் கொடுத்தார். "தாய் எங்கே?" என்று கேட்டதற்கு, "பண்ணையில் இருக்கிறது, வெகு தூரம். உங்களுக்கு ஏன் சிரமம்?" என்றாராம். நண்பரும் அந்த உபசாரத்துக்கு மயங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்போது இங்கிலாந்தில் சட்டம் கடுமையாகியிருக்கிறது. 2020-ம் வருஷம் ஏப்ரல் முதல், ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளைத் தரகர்களும் கடைக்காரர்களும் விற்கக்கூடாது. குட்டி எடுத்தவரே, குட்டி பிறந்த இடத்தில், தாயோடு சேர்த்துக் காட்டி விற்கவேண்டும். எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரிக்கக்கூடாது. தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் முதலில் குட்டி எடுத்தவர் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று ஈற்றோ அதற்குமேலோ எடுப்பவர்களுக்கும், வியாபாரமாகவே நடத்துகிறவர்களுக்கும் லைசென்ஸ் அவசியம்.

தாயைப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது? சும்மா நிற்கும்போது அது மூச்சு விடும் சத்தம் நம் காதுக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். தோட்டத்தில் இரண்டு மூன்று சுற்று நடத்திக் காட்டச் சொல்லுங்கள். பெருமூச்சும் கரகரப்பும் கிளம்பினால், "புல்டாக் என்றால் அப்படித்தான் குறட்டை விடும்" என்று விற்பவர் சமாதானம் சொல்லுவார். அந்த வார்த்தையைக் கேட்டவுடன் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டு விடலாம். குறட்டை ஜாதி லட்சணமல்ல, வியாதியின் அடையாளம்.

குட்டி எப்படிப் பிறந்தது என்றும் கேளுங்கள். தலை பெருத்து இடுப்பு சிறுத்த ஜாதியாகையால், புல்டாகுக்குச் சுகப் பிரசவம் அபூர்வம். 2010-ல் பிரசுரமான பிரிட்டிஷ் கணக்கொன்றில், புல்டாக் ஈற்றுகளில் 100-க்கு 80-க்கும் மேற்பட்டவை வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டவை என்று கண்டிருக்கிறது. இரண்டு முறை இப்படி ரண சிகிச்சை ஆன பெட்டை நாய் மறுபடியும் ஈன்றால், அந்தக் குட்டிகளைக் கென்னல் கிளப் பதிவு செய்வதில்லை. ஆகையால் "இது எத்தனையாவது ஈற்று? எத்தனை முறை ஆப்பரேஷன்?" என்று கேட்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை. யோக்கியமானவர் தயங்காமல் பதில் சொல்லுவார்.

மூச்சுக்கு மதிப்பெண்

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையாரும் கென்னல் கிளப்பும் சேர்ந்து 2019-ல் நல்ல ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற வைத்தியர் நாயின் தொண்டையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பார். மூன்று நிமிஷம் விரைவாக நடத்தி, மறுபடியும் கேட்பார். பிறகு 0 முதல் 3 வரை மதிப்பெண் கொடுப்பார். 0 என்றால் மூச்சில் குறையில்லை. 1 என்றால் சொற்பக் குறை. 2 என்றால் கவனம் வேண்டும். 3 என்றால் சிகிச்சை வேண்டும். அந்த நாயிடம் குட்டி எடுக்கவே கூடாது. நம் பள்ளிக்கூடத்துப் பரீட்சைகளைப் போலன்றி, பூஜ்யம் வாங்கியவனே இதில் முதல்வன்!

ஒரு வயது நிரம்பிய நாய்க்குத்தான் இந்தப் பரீட்சை நடக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். எனவே குட்டிக்குச் சர்டிபிகேட் கிடையாது. தாய் தகப்பனுக்கே உண்டு. "இரண்டுக்கும் 0 அல்லது 1 வந்திருக்கிறதா? தேதி என்ன?" என்று கேட்டுக் காகிதத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

இருதயம், முழங்கால் சில்லு ஆகியவற்றையும் பரிசோதித்திருக்க வேண்டும். சிறுநீரில் கல் உண்டாக்கும் பரம்பரைக் குறை ஒன்று புல்டாக் வம்சத்தில் ஓடுகிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுத்து அனுப்பினால், அந்தக் குறை இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். பெற்றோர் இருவரும் நோயின்றியே அந்தக் குறையைச் சுமப்பவர்களாக இருந்தால், குட்டிகளில் நாலில் ஒன்றுக்கு நோய் வரக்கூடும். ஒருவராவது சுத்தமாக இருந்தால் பயமில்லை. இத்தனை எளிய பரீட்சையைக்கூடச் செய்யாதவர் வேறு எதைச் செய்திருப்பார்?

இனி, குட்டி

பெற்றோர் விஷயம் திருப்தியானால் குட்டியை மடியில் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் மூக்கைப் பாருங்கள். நாசித் துவாரங்கள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். கமாக் குறிபோல் ஒடுங்கிய கீறலாக இருக்கக் கூடாது. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே கொஞ்சமாவது இடம் இருக்கட்டும். மூக்கின்மேல் தடித்த மடிப்பு கவிந்திருந்தால், பின்னால் ரணத்துக்கும் நாற்றத்துக்கும் அது இருப்பிடமாகும். கண் தெளிவாக இருக்கவேண்டும். இமை மயிர் உட்புறம் திரும்பி விழியை உறுத்தக் கூடாது. வாலைத் தடவிப் பாருங்கள். திருகாணிபோல் சுருண்டு உடம்புக்குள் புதைந்த வால், அடியில் அழுக்கும் ரணமும் சேர்வதற்கு இடம் கொடுக்கும். முதுகெலும்புக் கோளாறுக்கும் அந்தத் திருகலுக்கும் உறவு இருப்பதாக விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். அசைக்கக்கூடிய, நேரான வாலே மேல்.

குட்டி நடந்தால் பின்னங்கால் தள்ளாடக் கூடாது. புல்டாகுகளுக்கு இடுப்பு மூட்டுச் சரியாகப் பொருந்தாமை மிகவும் சாதாரணம். கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும் குட்டியும் வேண்டாம். எல்லாவற்றையும் மிதித்துத் தள்ளும் போக்கிரியும் வேண்டாம். கூப்பிட்டால் வந்து முகர்ந்து பார்க்கும் குட்டி நல்லது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "அபூர்வ நிறம்" என்று சொல்லி, நீலச் சாயல், சாக்லெட், புள்ளி விழுந்த மெர்ல் என்று இரட்டிப்பு விலை கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். மெர்ல் நிறப் புல்டாகைக் கென்னல் கிளப் பதிவு செய்வதே இல்லை. அந்த நிறத்துப் பெற்றோர் இருவரைச் சேர்த்தால், செவிடும் குருடுமாகக் குட்டி பிறக்கக்கூடும். நிறத்துக்காகக் குட்டி எடுக்கிறவர் மூச்சுக்காக எடுக்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அவர் உங்களையும் கேட்பார்

நல்ல விற்பனையாளரை அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு. நீங்கள் அவரைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் அவர் உங்களைக் கேட்க ஆரம்பித்துவிடுவார். வீட்டில் பகலில் யார் இருப்பார்கள்? மாடிப்படி எத்தனை? முன்பு நாய் வளர்த்ததுண்டா? மடிப்புகளைத் தினமும் துடைத்துவிடப் பொறுமை இருக்கிறதா? பெண் கொடுக்கிற தகப்பனார் மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பது போலத்தான் இது. கோபித்துக்கொள்ளலாகாது.

அவரிடம் குட்டி தயாராக இருக்காது, காத்திருக்கச் சொல்லுவார். விற்பனைக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பார். எந்தக் காரணத்தாலாவது உங்களால் வளர்க்க முடியாமற் போனால் தம்மிடமே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அதில் ஒரு ஷரத்து இருக்கும். எப்போது போனாலும் குட்டி ரெடியாக வைத்திருப்பவர், உடனே முன்பணம் கட்டச் சொல்பவர், "நானே உங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறேன்" என்று அதிக மரியாதை காட்டுபவர் — இந்த மூவரிடமும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

இந்த ஜாதியைத் தொடர்ந்து வளர்ப்பதே தர்மமா என்ற கேள்வியும் ஐரோப்பாவில் எழுந்திருக்கிறது. நார்வே தேசத்தில் 2022 ஜனவரியில் ஆஸ்லோ நகரக் கோர்ட்டு, புல்டாக் குட்டி எடுப்பது பிராணி நலச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. அதே வருஷக் கடைசியில் மேல் கோர்ட்டு புல்டாக் விஷயத்தில் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கில் புல்டாக் தப்பித்தது. ஆனால் அந்தக் கேள்வி தப்பிக்கவில்லை. குட்டி எடுப்பவர்கள் அதற்குப் பதில் சொல்லவேண்டியது கோர்ட்டில் அல்ல, தங்கள் நாய்களின் மூச்சில்.

வெயில் என்னும் யமன்

வைத்தியர் சொன்னபடி வின்ஸ்டனுக்கு ரண சிகிச்சை நடந்தது. நாசித் துவாரத்தை அகலப்படுத்தி, தொங்கு சதையில் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அது தன் ஆயுளில் முதல் தடவையாகத் தரையில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிற்று. நண்பரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, குழந்தைகளை எழுப்பி வந்து காட்டினாராம். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் சிகிச்சை வழியைச் செப்பனிடுமே ஒழிய, புது வழி போடாது. 2022 ஜூலை 19-ந் தேதி இங்கிலாந்து சரித்திரத்தில் முதன்முதலாக வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி இரைத்து, மூச்சின் வழியாகவே உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். மூச்சு வழியே அடைபட்ட பிராணி என்ன செய்யும்? வெப்பத் தாக்குதலுக்கு ஆளாகும் அபாயம் லாப்ரடார் நாயைக் காட்டிலும் புல்டாகுக்கு ஏறக்குறைய 14 மடங்கு என்று பிரிட்டிஷ் ஆராய்ச்சி சொல்லுகிறது. ஜன்னல்களை மூடி, ஈரத் துணி போர்த்தி, மின்சார விசிறியை வைத்தார்கள். அன்று மாலை வின்ஸ்டன் போய்விட்டது. அதற்கு வயது ஐந்து.

லண்டனில் ஒரு நாள் வந்து போன அந்த 40 டிகிரி சென்னைக்கும் மதுரைக்கும் வேலூருக்கும் வருஷந்தோறும் வரும் விருந்தாளி. நம் ஊரில் புல்டாக் வாங்க நினைப்பவர்கள் இதை ஒரு முறைக்கு இரு முறை யோசிக்கவேண்டும். வளர்ப்பதென்றே தீர்மானித்தால், நம் தேசத்திலும் 2017-ல் விதிகள் ஏற்பட்டிருக்கின்றன. குட்டி எடுத்து விற்பவர் மாகாணப் பிராணி நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக்கூடாது. ஒரு பெட்டையிடம் வருஷத்துக்கு ஓர் ஈற்றுக்குமேல் எடுக்கக்கூடாது. பதிவுப் பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இந்த வெயிலுக்கென்றே பிறந்த இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம் கண்ணெதிரே நீண்ட மூக்கோடு ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதையும் ஞாபகப்படுத்தி வைக்கிறேன்.

நண்பர் வீட்டுக் குழந்தைகள் ஒரு வருஷம் வரையில் நாய் என்ற பேச்சையே எடுக்கவில்லை. பிறகு அவர்களே கேட்டார்கள்: "மறுபடியும் புல்டாக்தான் வேண்டும், ஆனால் மூச்சு விடுகிற புல்டாக்." இம்முறை நண்பர் நாலு இடம் விசாரித்தார். மூன்று பேர் தாயைக் காட்டத் தயங்கினார்கள். நாலாவது ஒரு மூதாட்டி. தாயையும் காட்டினார், தகப்பன் நாயின் சர்டிபிகேட்டையும் காட்டினார். பிறகு நண்பரை ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்துவிட்டு, ஒன்பது மாதம் காத்திருக்கச் சொன்னார். காத்திருந்தார்கள்.

புதிய குட்டிக்குக் கண்காட்சியில் பரிசு கிடைக்காது. மூக்கு கொஞ்சம் நீளம், மடிப்பும் குறைவு. சென்ற தடவை நான் போயிருந்தபோது, கூடத்தின் நடுவே நாலு காலையும் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டேன். சத்தமே இல்லை.